வீரன் ஏன் கடித்தது? ஒட்டுசுட்டானிலிருந்து சில நாட்குறிப்புகள்

03.02.2025, திங்கள்

அண்ணை வீட்டு நாய் வீரன், அண்ணையின் சின்னவனின் கையைக் கடித்துவிட்டது. மணிக்கட்டில் பல் பதிந்து கொஞ்சம் இரத்தம். அண்ணி உடனே பிள்ளையைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதையும் அப்பவில்லை. நாய் கடித்தால் முதலில் செய்யவேண்டியது இந்தக் கழுவல்தான். அப்புறம் ஆஸ்பத்திரி, ஊசி.

வீரனுக்குத் தடுப்பூசி போட்ட அட்டை இருக்கிறது. இருந்தும் பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்கச் சொன்னார்கள். கடித்த நேரத்தில் எச்சிலில் விசர்க்கிருமி (ரேபிஸ்) இருந்திருந்தால், அந்தப் பத்து நாளுக்குள் நாய்க்கு நோய் வெளிப்பட்டுவிடும்.

பக்கத்து வளவு ஐயா படலையில் நின்று, "கடிச்ச நாயை வச்சிருக்கக் கூடாது தம்பி, கொண்டுபோய்க் காட்டுக்குள்ள விடு" என்று அண்ணையிடம் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தப் பிள்ளையோடு சேர்ந்து வளர்ந்த நாய் திடீரென்று கடித்தால், ஏன் என்று தேடாமல் அதை எப்படித் துரத்துவது?

05.02.2025, புதன்

பின்னேரம் முழுக்க அண்ணை வீட்டு விறாந்தையில் இருந்து வீரனைத் தூர நின்று பார்த்தேன். தீன்தட்டைத் தடியால் தள்ளிவிட அண்ணை கிட்டப் போனார். கை வலப்பக்கம் நீண்டதும் வீரன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பியது. நாக்கால் மூக்கை நக்கியது. பசியோ நித்திரையோ இல்லாமல் கொட்டாவி விட்டது. கண்ணின் வெள்ளை தெரிந்தது, உடம்பு விறைத்தது. அதற்குப் பிறகுதான் உறுமல். உறுமலுக்கு முன்னாலேயே "கிட்ட வராதே" என்று இத்தனை தரம் சொல்லிவிட்டது.

அண்ணை தடியை ஓங்கினார். "அடிக்காதீங்கோ அண்ணை, உறுமட்டும்" என்று தடுத்தேன். உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய் உறுமுவதை விட்டுவிடும். பயமும் வலியும் அப்படியே இருக்கும். அடுத்த முறை சத்தமே இல்லாமல் நேரே கடிக்கும். சொல்லாமல் கடிக்கும் நாய் என்று ஊரில் பேசப்படும் நாய்களில் எத்தனை இப்படி அடித்து வாய் மூடப்பட்டவையோ.

08.02.2025, சனி

காலபோக அறுவடை நேரம். முத்தையன்கட்டுப் பக்கம் இரவு முழுக்க யானை விரட்டும் வெடி. வெடிக்கு அம்மா இன்றைக்கும் திடுக்கிட்டு எழும்பி இருப்பார். 2009இல் போரைக் கண்டவர்களுக்கு அது போகாது. அங்கே வீரனைப் பார்த்தால் மாமரத்தோடு ஒட்டி, வாலைக் கால்களுக்கிடையில் சொருகிக்கொண்டு நடுங்குகிறது. சங்கிலி இரண்டு முழம்கூட இல்லை.

பயந்த நாய் முதலில் ஓடத்தான் பார்க்கும். ஓட வழியில்லை என்றால்தான் பல்லைக் காட்டும். கட்டைச் சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு ஓடும் வழியை நாங்களே அடைத்துவிடுகிறோம். காவலுக்கென்று நாள் முழுக்கக் கட்டிவைத்தால் கோபம் கூடுமே தவிர காவல் கூடாது. தெருவால் போகிற ஆட்களைப் பார்த்து இழுத்து இழுத்து, கழுத்து நோக, அந்தக் கடுப்பு கிட்ட வருகிற ஆளின்மேல் பாயும்.

11.02.2025, செவ்வாய்

அரச மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். வாயை நாடாவால் பக்குவமாகக் கட்டிவிட்டுத்தான் டொக்டர் தொட்டார். வலக்காதைத் திருப்பியதும் மணம் அடித்தது. உள்ளே கறுப்பு அழுக்கு, சிவந்து வீங்கிய தோல், மடிப்புக்குள் உண்ணிகள். சின்னவன் கழுத்தைக் கட்டிப்பிடித்த பக்கம் அதுதான்.

திடீரென்று குணம் மாறிய நாய்க்கு முதலில் நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் டொக்டர். சொத்தைப் பல், இடுப்பு மூட்டு வலி, தைரொயிட் குறைபாடு, வலிப்பு, மூளைக் கட்டிகூடக் காரணமாகலாம். கிழட்டு நாய்க்குக் கண்ணும் காதும் மங்கியிருந்தால், தொட்ட கை யாருடையது என்று தெரியாமலே கவ்விவிடும். உண்ணிக்காய்ச்சல் இருக்குமோ என்று இரத்தமும் எடுத்தார்.

14.02.2025, வெள்ளி

பத்து நாள் கழிந்தது. வீரன் சாப்பிடுகிறது, தண்ணீர் குடிக்கிறது. விசர் இல்லை. ஆஸ்பத்திரியில் தந்த திகதிகளுக்குச் சின்னவனைக் கொண்டுபோக வேண்டும்.

காது நோ மட்டும்தானா காரணம்? அண்ணியைக் கேட்டுக் கேட்டு அன்றைய நாளை அடுக்கிப் பார்த்தேன். முதல் நாள் இரவு வெடியால் நித்திரை இல்லை. காலையில் வீதியில் போன கட்டாக்காலி நாய்களைப் பார்த்துக் குரைத்துக் களைத்தது. மத்தியானம் மீன் முள்ளைத் தின்றுகொண்டிருந்தபோது பிள்ளை பின்னால் போய்க் கட்டிப்பிடித்தான், அதுவும் நோகிற காதுப் பக்கம். தனித்தனியாக வந்திருந்தால் வீரன் பொறுத்திருக்கும். எல்லாம் ஒரே நாளில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. இதில் துரோகமும் இல்லை, நன்றிகெட்டதனமும் இல்லை.

தின்னும் நாயிடமும், நித்திரை கொள்ளும் நாயிடமும், குட்டி போட்ட நாயிடமும் போகக் கூடாது என்று சின்னவனுக்குச் சொன்னேன். உறுமினால் ஓடாமல் கையை உடம்போடு வைத்து மெல்லப் பின்வாங்கக் காட்டிக்கொடுத்தேன்.

19.02.2025, புதன்

காதுக்கு மருந்து விட்டுவருகிறார்கள். வீரன் தலையை உதறுவது குறைந்திருக்கிறது. வளவின் பின்பக்கத்தை அண்ணை கம்பிவலையால் அடைத்துவிட்டார். அதற்குள் வீரன் சங்கிலி இல்லாமல் நிற்கிறது. வெடி தொடங்கினால் பின்னறைக்குள் விடுகிறார்கள்.

நலம் அடித்தால், அதாவது விதை எடுத்துவிட்டால், சாந்தமாகிவிடுமா என்று அண்ணை கேட்டார். ஊர் சுற்றுவதும் மற்றக் கடுவன் நாய்களோடு சண்டை போடுவதும் குறையலாம், பயத்தால் கடிப்பது அதனால் மாறும் என்று நம்பக் கூடாது என்றாராம் டொக்டர்.

மீன்காரரின் ஹோர்னுக்கு இன்னும் படலைவரை பாய்ந்து குரைக்கிறது. அது வளவு காக்கிற குணம். படலையைப் பூட்டிவைத்தால் போதும்.

23.02.2025, ஞாயிறு

பக்கத்து வளவு ஐயாவின் பெட்டை நாய் குட்டி போட்டு நாலு கிழமை. சின்னவனுக்கு ஒன்று வேண்டுமாம்; இன்றைக்கே தூக்கிப் போகச் சொல்கிறார் ஐயா. நான் விடவில்லை. எந்தளவுக்குக் கடித்தால் நோகும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான். மூன்றாம் கிழமையிலிருந்து பன்னிரண்டு, பதினான்காம் கிழமைவரை காணும் ஆட்கள், சைக்கிள், ஆடுமாடு, சத்தங்கள் எல்லாம் பிறகு அதற்குப் பழகியவையாக இருக்கும். அந்த நாட்களில் ஒன்றையும் காணாமல் மூலையில் கட்டிக் கிடந்த குட்டிதான் பெரிதானதும் எதைக் கண்டாலும் மிரண்டு பாய்கிறது.

எட்டுக் கிழமை வரைக்கும் தாயோடு நிற்கட்டும், அதுவரை சின்னவன் நாளும் வந்து கையில் வைத்துப் பழகட்டும் என்றேன். ஐயா யோசித்துவிட்டு, "சரி பிள்ளை, நிக்கட்டும்" என்றார். வெள்ளைக்கால் குட்டியைத்தான் சின்னவன் கேட்கிறான்.