தோணியில் நடந்த வகுப்பு

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது மகள் ஐந்தாம் தரத்திலும் மகன் எட்டாம் தரத்திலும் இருந்தார்கள். பாய்ப்படகிலேயே குடியிருந்து கடல் கடக்கும் வெளிநாட்டுக் குடும்பங்கள் தம் பிள்ளைகளுக்குப் படகிலேயே பாடம் சொல்லிக் கொடுப்பதைப் பற்றி முன்பே வாசித்து ஆசைப்பட்டிருந்த எனக்கு, பகலில் ஊரடங்கு தளர்ந்த மே மாதத்தில் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தவை மாமனாரின் 18 அடித் தோணியும் மட்டக்களப்பு வாவியும்தான். ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை கல்வி கட்டாயமான நாட்டில், வேறொரு காலமாக இருந்திருந்தால் இந்த யோசனையை வீட்டில் வாய்விட்டுச் சொல்லவே துணிந்திருக்க மாட்டேன். மனைவி அப்போதும் சம்மதிக்கவில்லை. "புலமைப்பரிசில் வினாத்தாள்ல வாவியா வரப்போகுது?" என்று கேட்டாள்.

முதல் வாரம் அவள் சொன்னதே சரியாயிற்று. நான் நேரசூசி எழுதி, பாடப்புத்தகங்களைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துச் சென்றேன். கச்சான் காற்று தாள்களைத் தன் இஷ்டத்துக்குப் புரட்டியது; மூன்றாம் நாள் விஞ்ஞானப் புத்தகம் தண்ணீரில் விழுந்தது. பிள்ளைகளுக்குக் கேட்க வேண்டுமென்று நான் உரத்து வாசித்துக்கொண்டிருக்க, தோணியின் முன்பக்கமான அணியத்தில் வலையோடு நின்ற மாமா, "மருமகன், நீங்க கத்துற கத்தலுக்கு இறாலும் வராது" என்றார். அன்றோடு புத்தகம் வீட்டில் தங்கியது.

அதன்பிறகு நடந்ததைத்தான் பாடம் என்று சொல்லலாம். தோணியின் முன்முனையில் ஒரு தேங்காய்ப் பொச்சைப் போட்டுவிட்டு, அது பின்முனையைத் தாண்ட எத்தனை செக்கன் ஆகிறது என்று மகள் எண்ணினாள். ஏறக்குறைய ஐந்தரை மீற்றர் நீளத்தைக் கடக்க ஆறு செக்கன். அதை மணிக்கு 3.3 கிலோமீற்றர் என்று மாற்ற அவளுக்கு அரை மணித்தியாலமும் இரண்டு சண்டைகளும் தேவைப்பட்டன. ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை வாவியின் நீளம் 56 கிலோமீற்றர் என்று நான் சொன்னதும், யாரும் கேளாமலே வகுத்துப் பார்த்து, "பதினேழு மணித்தியாலம் அப்பா, அப்ப எங்க நித்திரை கொள்றது?" என்றாள். குடியிருக்கும் படகுக்கும் எங்கள் தோணிக்கும் உள்ள வேறுபாட்டை அவள் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிட்டாள்.

மகனுக்கு அடர்த்தி. உப்புநீரில் முட்டை மிதக்கும் என்று பெரிதாகச் சொல்லி, பாலமீன்மடு முகத்துவாரத்து மணல்திட்டைத் தாண்டிக் கடல்நீர் அள்ளி வந்தேன். முட்டை கிணற்று நீரிலும் தாழ்ந்தது, வாவி நீரிலும் தாழ்ந்தது, கடல்நீரிலும் தாழ்ந்தது. புதிய முட்டை கடல்நீரைவிட அடர்த்தி கூடியது என்பது எனக்கே அன்றுதான் உறைத்தது. பிறகு குளிர்பானக் குழாயொன்றின் அடியைக் களிமண்ணால் அடைத்து, அது நீரில் பத்துச் சென்ரிமீற்றர் அமிழும்படி செய்து அடையாளமிட்டோம். கிணற்று நீரிலிருந்து கடல்நீருக்கு மாற்றியபோது அது இரண்டு மில்லிமீற்றரே உயர்ந்தது. இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றம். அவனோ அந்த இரண்டு மில்லிமீற்றரைத் தேடி ஒரு வாரம் வாவியின் வெவ்வேறு இடங்களில் தண்ணீர் அள்ளினான். மாரியில் முகத்துவாரத்து மணல்திட்டு வெட்டுப்பட்டு வாவி கடலோடு சேரும்போது இந்த அளவுகள் எப்படி மாறும் என்று அவன் கேட்ட கேள்விக்கு, பதிலுக்கு மாரி வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

ஊரடங்கு முற்றாக நீங்கிய பிறகு வந்த ஜூலைப் பௌர்ணமியில், கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் அலகைத் தண்ணீரில் அமிழ்த்தி மறுமுனையில் காதை வைத்துப் பாடுமீன் கேட்டோம்; நிலாக் காலத்தில் வாவியின் அடியிலிருந்து எழுவதாக ஊரார் சொல்லும் இசையொலி அது. ஒலி மரத்தின் வழியே ஏறி வருவதை விளக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. 1848இல் இங்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட்டுக்கு மீனவர்கள் அது ஊரி என்ற ஓட்டு நத்தையின் குரல் என்றுதான் சொன்னார்கள். மாமாவும் அந்தக் கட்சிதான். மகள் தந்தி அதிர்வதுபோல் கேட்டதாகச் சொன்னாள். மகனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றே கொப்பியில் எழுதினான். அந்த வரியில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் எழுத்து கெட்டது. பெரிய பாய்ப்படகுகளில் பொருள்கள் சரிந்து விழாமல் விளிம்பு உயர்த்திய மேசை இருக்கும். எங்களுக்கு முழங்கால்தான் மேசை. மொழிப்பாடத்தைத் தோணியில் நடத்த முயன்றது என் பிழை. அத்தோடு மகன் தன் நண்பர்களை நினைத்து அடிக்கடி மௌனமானான். அதற்கு வாவியில் மருந்து இருக்கவில்லை. ஜூலையில் பாடசாலை திறந்த முதல் நாள், மகளின் கொப்பியைப் பார்த்த வகுப்பாசிரியை, "இது என்ன பிள்ளை, அலை அடிச்ச மாதிரி?" என்று கேட்டாராம். ஒக்டோபர் புலமைப்பரிசில் பரீட்சை வரை தினமும் மாலையில் ஒரு பக்கம், ஆடாத மேசையில், மனைவியின் மேற்பார்வையில் அவள் எழுதினாள்.