இழை தள்ளாது: வட்ட இயக்கக் கணக்கில் நான் விட்ட பிழை

உயர்தரத்தில் இணைந்த கணிதம் இரண்டாம் வினாத்தாளில் எனக்குச் சோறு போட்டவை நிலையியலும் நிகழ்தகவும்தான். நிலைக்குத்து வட்ட இயக்கம் வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். பகுதி பீயில் ஏழு வினாக்களில் ஐந்து செய்தால் போதும்தானே, இதை விட்டால் என்ன குறைந்துவிடும் என்ற நினைப்பு. பகுதி ஏயில் அந்தச் சலுகை இல்லை. பத்தும் செய்தாக வேண்டும், ஒவ்வொன்றும் 25 புள்ளி. ஒரு மாதிரிப் பரீட்சையில் அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

வினா இதுதான். ஏ நீளமுள்ள, இலேசான, நீட்டமுடியாத இழையின் ஒரு நுனி நிலையாகக் கட்டப்பட்டிருக்கிறது. மறுநுனியில் ஒரு துணிக்கை தொங்குகிறது. அதற்குக் கிடையாக ஒரு வேகம் கொடுக்கிறார்கள். அந்த வேகத்தின் வர்க்கம் 7/2 ஜீஏ; ஜீ என்பது புவியீர்ப்பு ஆர்முடுகல். துணிக்கை அடையும் உச்ச உயரம் என்ன?

மூன்று வரியில் முடித்தேன். உச்சியில் வேகம் பூச்சியம், இயக்கசக்தி முழுவதும் அழுத்தசக்தியாக மாறுகிறது, ஆகவே அடிப்புள்ளியிலிருந்து 7/4 ஏ, அதாவது மையத்துக்கு மேலே 3/4 ஏ. நேரம் மிச்சம் என்று பெருமை வேறு. தாள் திரும்பி வந்தபோது சக்திச் சமன்பாட்டுக்கு மட்டும் ஒரு சரி. மீதி முழுவதும் சிவப்புக் கோடு.

தாளைத் தூக்கிக்கொண்டு ரியூஷன் சேரிடம் போனேன். அவர் விடையைப் பார்க்கவே இல்லை. "தம்பி, கிணத்துக் கயித்தால வாளியை இழுக்கலாம். தள்ளேலுமோ?" என்று கேட்டார்.

"ஏலாது சேர்."

"அப்ப உம்மட துணிக்கையை அந்த உயரத்தில ஆர் தாங்கிப் பிடிச்சது?"

அவ்வளவுதான் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே யோசனை. மையத்துக்கு மேலே, ஒரு பக்கமாக, வேகமே இல்லாமல் ஒரு துணிக்கை நிற்கிறது என்று எழுதியிருக்கிறேன். வட்டத்திலேயே அது நிற்க வேண்டுமானால் நிறையின் ஒரு கூறு மையத்தை நோக்கி இழுப்பதை யாராவது வெளிப்பக்கமாகத் தள்ளிச் சமன் செய்ய வேண்டும். இழைக்கு அந்த வேலை தெரியாது. அது முன்பே தளர்ந்திருக்கும்.

இந்தப் பாடத்தில் எல்லோரும் தடுக்கி விழும் கல் இது என்பது என் எண்ணம். இழையின் இழுவை எப்போதும் ஆரை வழியே இருக்கிறது, இயக்கமோ தொடலி வழியே. இரண்டும் செங்குத்து என்பதால் இழுவை வேலை எதுவும் செய்வதில்லை. அதனால்தான் சக்திச் சமன்பாட்டை இவ்வளவு சுலபமாக எழுத முடிகிறது. ஆனால் அந்தச் சுலபத்துக்கு ஒரு விலை உண்டு: அந்தச் சமன்பாட்டுக்கு இழை இருக்கிறதா, இறுக்கமாக இருக்கிறதா, அறுந்துவிட்டதா என்று ஒன்றுமே தெரியாது. அதைக் கேட்க வேண்டிய இடம் ஆரை வழியே எழுதும் எஃப் = எம்ஏ (இங்கே ஏ இழையின் நீளம் அல்ல, ஆர்முடுகல்). சக்தி வேகத்தைத் தரும். ஆரைச் சமன்பாடு விசையைத் தரும். பிறகு அந்த விசை தன் வேலையைச் செய்யக்கூடிய திசையில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சமனிலி.

சரி, அதே கணக்கைத் திரும்பச் செய்வோம். இழை மேல்நோக்கிய நிலைக்குத்துடன் தீற்றா கோணத்தில் இருக்கும்போது இழுவை பூச்சியமானால், வேகத்தின் வர்க்கம் ஜீஏ கோஸ் தீற்றா. இதைச் சக்திச் சமன்பாட்டில் போட்டால் கோஸ் தீற்றா 1/2, கோணம் 60 பாகை. அந்தக் கணத்தில் வட்டம் முடிந்துவிடுகிறது. துணிக்கை ஓர் எறியம். வேகத்தின் வர்க்கம் ஜீஏ/2, திசை கிடையுடன் 60 பாகை மேல்நோக்கி. நிலைக்குத்துக் கூறு இன்னும் 3/16 ஏ தூக்கும். ஆக உச்ச உயரம் மையத்துக்கு மேலே 11/16 ஏ. நான் எழுதிய 3/4 ஏயைவிட 1/16 ஏ குறைவு. அந்தக் குறைவு எங்கே போனது? உச்சியிலும் துணிக்கைக்குக் கிடை வேகம் மிச்சமிருக்கிறது. நான் பூச்சியம் என்று போட்ட வேகம் பூச்சியமே இல்லை.

இந்த எண்ணைத் தெரிந்துதான் கொடுத்திருக்கிறார்கள். எறியத்தைத் தொடர்ந்து பின்பற்றினால் அது நேராக வட்டத்தின் அடிப்புள்ளிக்கே வந்து விழும். ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள், மைய நிலைக்குத்துக் கோட்டை அடையும் நேரத்தைக் கண்டு பிரதியிட்டால் சரியாக மையத்துக்குக் கீழே ஏ என்று வரும். எனக்கு இந்தப் பாடத்தின் மேல் முதன்முதலாக ஆசை வந்தது அன்றைக்குத்தான்.

இன்னொன்றும் அன்று பிடிபட்டது. இழைக்குப் பதில் இலேசான கோல் என்று வினாவில் இருந்திருந்தால் என் 3/4 ஏ முழுச் சரி. கோல் இழுக்கவும் செய்யும், தள்ளவும் செய்யும். அதாவது என்னிடம் கேட்காத வினாவுக்குச் சரியான விடை எழுதியிருக்கிறேன்! முழு வட்டம் சுற்ற அடியில் தேவையான வேகத்தின் வர்க்கம் இழைக்கு 5 ஜீஏ, கோலுக்கு 4 ஜீஏ என்று இரண்டு சூத்திரங்களாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஜீயைப் பத்தாக எடுத்தால் அரை மீற்றர் இழைக்கு செக்கனுக்கு 5 மீற்றர், அதே நீளக் கோலுக்கு ஏறக்குறைய 4.5 மீற்றர். தள்ளத் தெரிந்ததற்கும் தெரியாததற்கும் உள்ள வித்தியாசம் செக்கனுக்கு அந்த அரை மீற்றர் என்று விளங்கிய பிறகு மனப்பாடம் தேவைப்படவில்லை.

ஆகவே வினாவை வாசித்ததும் துணிக்கையைக் கட்டிவைத்திருப்பது எது என்பதன் கீழ் ஒரு கோடு போடுங்கள். இழை இழுக்க மட்டும். பொட்கோளத்தின், அதாவது உள்ளே வெறுமையான கோளத்தின், உட்பரப்பும் அதே சாதி: மையப் பக்கமாகத் தள்ளும், வேறெதுவும் செய்யாது, ஆகவே இழைக்கான கணக்கு அப்படியே பொருந்தும். கோளத்தின் வெளிப்பரப்பு வெளிநோக்கி மட்டும் தள்ளும். கோல், வளைந்த குழாய், கம்பியில் கோத்த மணி ஆகியவை இரண்டு பக்கமும். ஒப்பமான என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். உராய்வு வந்தால் சக்திச் சமன்பாடு அப்படியே நிற்காது.

ஒப்பமான கோளத்தின் உச்சியிலிருந்து மெல்ல விடப்பட்ட துணிக்கை, ஆரை மேல்நோக்கிய நிலைக்குத்துடன் அமைக்கும் கோணத்தின் கோசைன் 2/3 ஆகும்போது, ஏறக்குறைய 48 பாகையில், மேற்பரப்பை விட்டு நீங்கும். இது எல்லோருக்கும் தெரிந்த விடை. இப்போது அதே ஆரையுள்ள நிலைக்குத்து வட்டக் கம்பியில் கோத்த மணியை உச்சியிலிருந்து விடுங்கள். மணியால் நீங்க முடியாது. ஆனால் மறுதாக்கம், அதாவது கம்பி மணியை வெளிநோக்கித் தள்ளும் விசை, எம்ஜீ பெருக்கல் (3 கோஸ் தீற்றா கழித்தல் 2) என்றுதான் வரும்; எம்ஜீ என்பது மணியின் நிறை. அதே 2/3 இல் பூச்சியமாகி, அதன் பிறகு திசை மாறி மையத்தை நோக்கித் திரும்பும். கோளத்தில் துணிக்கை பறந்துபோகும் இடத்தில் கம்பி அதை உள்ளே பிடிக்கத் தொடங்குகிறது. மறுதாக்கத்துக்கு மறைக்குறி வந்துவிட்டதே என்று நான் ஒருமுறை முழு விடையையும் வெட்டி எறிந்திருக்கிறேன். வெட்டாதீர்கள். இரண்டு பக்கமும் வேலை செய்யும் தடைக்கு மறைக்குறி ஒரு செய்தி. கோளத்துக்குத்தான் அது நீங்கிவிட்டது என்ற அறிவிப்பு.

வரிப்படத்தில் எம் வி வர்க்கம் கீழ் ஆர் (திணிவு, வேகத்தின் வர்க்கம், கீழே ஆரை) என்று ஓர் அம்புக்குறி போடும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். அது விசை இல்லை. நிறையும் இழுவையும் அல்லது மறுதாக்கமும் மட்டும் படத்தில் இருக்கட்டும். ஆர்முடுகலைப் பக்கத்தில் இரட்டை அம்பால் காட்டுங்கள். என் பாதிக் குறிப்பிழைகள் இதோடு ஓடிப்போயின.

கூம்பூசலில், அதாவது இழையில் தொங்கும் துணிக்கை கிடை வட்டத்தில் சுற்றும் கணக்கில், பயப்பட ஒன்றுமில்லை. துணிக்கை ஒப்பமான மேசையைத் தொட்டுக்கொண்டு சுற்றினால் அங்கேயும் அதே கேள்விதான்: மேசை மேல்நோக்கி மட்டுமே தள்ளும். கட்டிய புள்ளி மேசைக்கு மேலே இருக்கும் உயரத்தைக் கோண வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஜீயைத் தாண்டக்கூடாது, தாண்டினால் துணிக்கை மேசையை விட்டு எழும். இழை எவ்வளவு நீளம் என்பதே விடையில் வராது.

கடைசியாக, ஆணிக் கணக்கு ஒன்று. இழையைக் கிடையாக இறுக்கிப் பிடித்து விடுகிறீர்கள். கட்டிய புள்ளிக்கு நேர் கீழே ஓர் ஆணி. இழை அதில் பட்டு, மிச்சத் துண்டு ஆணியைச் சுற்றி முழு வட்டம் போட வேண்டுமானால் ஆணி இழை நீளத்தின் 3/5 பங்காவது கீழே இருக்க வேண்டும். இழை ஆணியைத் தொடும் கணத்தில் வேகம் துளியும் மாறாது. ஆணி சரியாக 3/5 இல் இருந்தால் இழுவை மட்டும் 3 எம்ஜீயிலிருந்து 6 எம்ஜீக்குத் தாவும். ஏன் என்று ஒரு பின்னேரம் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். சேரிடம் நான் இதிலும் இழைக்குப் பதில் கோல் போட்டால் என்ன என்று கேட்டேன். "கோல் ஆணியில சுத்துமோடா?" என்று சிரித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்.