தவறவிட்டிருப்பாள்

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஞாயிறு மூன்று மணி என்றால் காபியும் கேக்கும். அன்று ஒரு பாட்டி, வரவேண்டிய மகளின் காபியைத் தட்டு போட்டு மூடிவிட்டு, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனதும் ஜெர்மனில், "ஸீ விர்ட் டென் ட்ஸூக் ஃபெர்பாஸ்ட் ஹாபென்" என்றார்.

'விர்ட்' என்ற துணைவினை காதில் விழுந்ததுமே எதிர்காலம் என்று எடுத்துக்கொண்டேன். மகள் ராத்திரி திரும்பும் ரயிலைத் தவறவிடப் போகிறாளோ என்று பாட்டி கவலைப்படுவதாக நினைத்து, "இன்னும் நிறைய நேரம் இருக்கிறது" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தட்டைச் சரிசெய்தார். அவர் சொன்னது 'ரயிலைத் தவறவிட்டிருப்பாள்' என்று வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது. மனசு கேட்கவில்லை.

இந்த அமைப்புக்கு ஜெர்மன் இலக்கணத்தில் ஃபுட்டூர் ட்ஸ்வை, அதாவது இரண்டாம் எதிர்காலம் என்று பெயர். அது எனக்குப் புதிதல்ல. 'வரும் வெள்ளிக்குள் முடித்திருப்பேன்' மாதிரி வாக்கியங்களை வகுப்பில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால் அதற்கு இங்கே பெரும்பாலும் பெர்ஃபெக்ட் என்ற முடிந்தகால வடிவமே போதும்: "பிஸ் ஃப்ரைடாக் ஹாபெ இஷ் டாஸ் எர்லேடிக்ட்." ஃபுட்டூர் ட்ஸ்வை அதிகமாகக் காதில் விழுவது நடந்துமுடிந்ததை ஊகிக்கும்போதுதான். கூடவே 'வோல்' (அநேகமாக) என்றோ 'ஷோன்' (ஏற்கெனவே) என்றோ ஒரு சொல் ஒட்டிக்கொண்டு வரும்.

அமைப்பு எளிது. வேர்டன் என்ற துணைவினை ஆளுக்கேற்ப ('விர்ட்' போல) மாறி வாக்கியத்தின் இரண்டாம் இடத்தில் நிற்கும். கடைசியில் வினையின் முடிந்த வடிவமான பார்ட்டிட்ஸிப் ட்ஸ்வை ('ஃபெர்பாஸ்ட்' போல), அதன் பின் ஹாபென் அல்லது ஸைன் என்ற துணைவினை. பெர்ஃபெக்ட்டில் எதுவோ இங்கும் அதுவே. எங்கள் இரவுப்பணியில் இரண்டும் வேண்டும். தாத்தா தூங்கிப்போயிருப்பார் என்றால் "ஏர் விர்ட் ஐன்கெஷ்லாஃபென் ஸைன்". நிலை மாறுகிறது, அதனால் ஸைன். நன்றாகத் தூங்கியிருப்பார் என்றால் "ஏர் விர்ட் கூட் கெஷ்லாஃபென் ஹாபென்."

எனக்கு ரொம்பப் பிடித்தது 'டாஸ்' (நம் 'என்று' மாதிரி) போட்ட துணைவாக்கியம். அதில் விர்ட் கடைசிக்குப் போய்விடும்: ஃபெர்பாஸ்ட் ஹாபென் விர்ட். இப்போது நம் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். தவறவிட்டு, இரு, ப்பாள். முடிந்த வினை, துணைவினை, எதிர்காலம் என்று அதே வரிசை! போன நேரத்தைப் பற்றிய ஊகத்துக்கு நாமும் 'ப்ப்' என்ற எதிர்கால இடைநிலையைத்தானே வைக்கிறோம்? 'சாப்பிட்டிருப்பார்', 'மறந்திருப்பாள்' என்று நாள் முழுக்கச் சொல்கிறவர்களுக்கு இதை வெள்ளிக்கிழமைக் கெடுவை வைத்துச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அம்மா வாயில் வரும் 'இருப்பாள்' போதும்.

அடுத்த ஞாயிறும் மகள் வரத் தாமதம். இந்த முறை நானே பாட்டியிடம், "ஸீ விர்ட் வோல் டென் ட்ஸூக் ஃபெர்பாஸ்ட் ஹாபென்" என்றேன். "யா, யா" என்று தலையாட்டிவிட்டு, பக்கத்து நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார். நாலு மணிக்கு மகள் வந்து கோட்டைக் கழற்றும்போது, தட்டுக்கடியில் காபி இன்னும் லேசான சூட்டோடு இருந்தது.