டிராகனுக்குப் பட்டா உண்டா?

நேற்று எங்கள் வீட்டு ஹாலில் ஒரு டிராகனுக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். வெட்டவில்லை, குத்தவில்லை, வலை வீசவில்லை. 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம், 7-ஆம் பிரிவின் கீழ் நோட்டீஸ். கொடுத்தவர் என் அப்பா.

எல்லாம் டிகாஷனால் வந்த வினை.

நண்பர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, நான் சொல்லும் கற்பனைக் கதைக்குள் போய்வருகிற ஆட்டம் ஒன்றை நடத்துகிறேன். அதில் புது ஆட்டத்துக்கு மேப் வரைந்திருந்தேன். கம்ப்யூட்டரில் வரைய எத்தனையோ வழி இருக்கிறது, பட்டனைத் தட்டினால் கண்டம் கண்டமாக வந்து விழும். ஆனால் கையில் கொடுக்கிற தாள் பழசாக, பூச்சி அரித்த அரண்மனையிலிருந்து எடுத்ததுபோல் தெரிந்தால்தான் ஆடுகிறவர்கள் முகத்தில் ஒரு களை வரும். அதற்கு ஊர் உலகமெல்லாம் ஒரே வைத்தியம்: தாளைக் கசக்கி, கறுப்புக் காபியில் நனைத்து, காயவைத்து, ஓரத்தை மெழுகுவத்தியில் லேசாகக் காட்ட வேண்டும். மை மட்டும் தண்ணீரில் கரையாததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மலையெல்லாம் உருகிக் கடலில் கலந்துவிடும். மற்ற நாட்டில் இதற்கு இன்ஸ்டன்ட் பொடி. எங்கள் வீட்டில் பில்டர். நான் ஊற்றியது முதல் டிகாஷன் என்று அம்மாவின் குரலிலிருந்துதான் அக்கம்பக்கம் தெரிந்துகொண்டது.

"பேப்பருக்கு முதல் டிகாஷன். பெத்தவளுக்கு ரெண்டாவது."

தாளை மொட்டைமாடிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். துணி எடுக்க வந்த மாடி வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு நேராகக் கீழே வந்து அப்பாவிடம், "சார், உங்க மூலப்பத்திரம் வெயில்ல காயுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முட்டிவலி என்று மலைக்கோட்டைப் படி ஏற மறுக்கிறவர், இரண்டு இரண்டு படியாகத் தாண்டி மாடிக்குப் போனார். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்திரம் என்ற சொல் காதில் விழுந்தால் ஐ.சி.யூ.விலிருந்துகூட எழுந்து வருவார்கள்.

கீழே வந்தவர் கையில் மேப், மூக்கில் கண்ணாடி.

"எந்த வில்லேஜ்டா இது? வடக்கு எங்க? சர்வே நம்பர் எங்க?"

இது கற்பனை நாடு, நாங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆடுகிற ஆட்டத்துக்கு என்றேன். அதனால் என்ன, கற்பனை நாட்டுக்கு வடக்கு கிடையாதா என்றார். ஒரு அறுகோணக் கட்டம் ஆறு மைல் என்றதும் கரண்ட் பில்லின் பின்பக்கம் கணக்குப் போட ஆரம்பித்தார். கட்டத்துக்கு ஏறக்குறைய 31 சதுர மைல், அதாவது சுமார் 20,000 ஏக்கர்.

"இருபதாயிரம் ஏக்கர் காடு. அதுல மூணே மூணு மரம் போட்டிருக்க."

அது குறியீடு என்று சொல்லிப் பார்த்தேன். அறுகோணம் எதற்கு, சதுரம் போதாதா என்றார். சதுரத்தில் மூலைக்கு மூலை போனால் தூரம் கூடிவிடும், அறுகோணத்தில் ஆறு பக்கமும் அடுத்த கட்டத்தின் நடு ஒரே தூரம், நடப்பதை எண்ணுவது சுலபம் என்றேன். அதை மட்டும் ஒத்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில் நான் பேசிக்கொண்டே போனேன். 1974-இல் இந்த வகை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் முதல் பெட்டி வந்தபோது காட்டுவழிக்கென்று தனி மேப் வைக்காமல், 'அவுட்டோர் சர்வைவல்' என்ற வேறொரு கம்பெனியின் ஆட்டப் பலகையை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், அதிலும் அறுகோணம்தான் என்றெல்லாம் விளக்கினேன். அப்பா கேட்டுவிட்டு, "பக்கத்து ஊர் நில அளவுப் புத்தகத்தை வச்சு நம்ம ஊரை அளந்த மாதிரி" என்று ஒரே வரியில் முடித்தார்.

ஒரு நாளைக்கு 24 மைல் நடப்பார்கள், நான்கு கட்டம் என்றேன். கவசத்தோடா என்றார். ஆமாம். அறுபத்தாறு அடிச் சங்கிலியை முள்ளுக்காட்டில் இழுத்துக்கொண்டு போன ஆளிடம் இந்தக் கதையெல்லாம் வேண்டாம் என்று ஒரு பார்வை.

ஆற்றுக்கு வந்தபோதுதான் நிஜமாகவே சூடு பிடித்தது. மேப் வரைகிறவர்களுக்கு வேதம் மாதிரி ஒரு விதி உண்டு: ஆறுகள் சேரும், பிரியாது. கடலை நோக்கிப் போகிற ஆற்றை நடுவழியில் இரண்டாகப் பிரித்து வரைந்தவனை இந்த வட்டாரத்தில் உயிரோடு விட மாட்டார்கள். என் ஆறுகள் அத்தனையும் ஒழுங்காக மலையில் பிறந்து, ஒன்றோடு ஒன்று சேர்ந்து, ஒரே வாயில் கடலுக்குப் போயிருந்தன. பெருமையாகச் சொன்னேன்.

"பிரியாதா? அப்ப ஸ்ரீரங்கம் எங்கடா இருக்கு?"

திருச்சிக்காரரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன் பாருங்கள். முக்கொம்பில் காவிரி பிரிந்து வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் தீவாக ஸ்ரீரங்கம், அப்புறம் கல்லணையில் நடப்பது என்று ஆரம்பித்து, 2018-இல் முக்கொம்பு மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது வரை வந்து நின்றார். அது டெல்டா, தட்டையான நிலம், அங்கே பிரியலாம், விதியிலேயே விலக்கு உண்டு என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. அம்மாவும் திருச்சிதான்.

அதற்குள் சிவப்புப் பேனா வந்துவிட்டது. நான் வாரக்கணக்கில் யோசித்து வைத்த சபிக்கப்பட்ட பாழ்நிலத்தில் ஒரு ஏரி, அதற்குக் கரை, மதகு, கலிங்கு. மழைமறைவுப் பகுதி அப்பா, மலை மேகத்தைத் தடுக்கிறது, அதனால்தான் வறண்டிருக்கிறது என்றால், "வறண்ட ஊர்லதாண்டா ஏரி வெட்டுவான்" என்கிறார். எலும்புக்கூடுகள் உலாவ வேண்டிய இடத்தில் இப்போது இரண்டு போகம் நெல். டிராகன் மலையைச் சுற்றி எல்லைக்கல். ஓரத்தில் முத்து முத்தான கையெழுத்தில்: மலைப் புறம்போக்கு.

சாயங்காலம் ஆடுகிற கும்பல் வந்தது. ஆட்டத்தில் அவர்கள் மந்திரவாதி, வீரன், திருடன், பூசாரி. திருடன் வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறான், அது தெரிந்ததிலிருந்து அப்பாவுக்கு அவன்மேல் தனி மரியாதை. மேப்பைப் பார்த்தவர்கள் குகைக்குள் எப்படி நுழைவது என்று யோசிக்கவே இல்லை. புறம்போக்கு என்றால் டிராகன் எப்படி அங்கே இருக்கிறது என்று கேட்டான் திருடன். அதோடு ஆட்டம் போச்சு.

டிராகன் சார்பில் நான் வாதாடினேன். முந்நூறு வருஷ அனுபவ பாத்தியம்! சர்க்கார் நிலத்துக்கு 30 வருஷம் அனுபவித்திருந்தால் போதும் என்று இணையத்தில் தேடி எடுத்து நீட்டினேன். அப்பா அசரவில்லை.

"அனுபவிச்சேன்னு சொன்னா ஆச்சா? கிஸ்தி ரசீது இருக்கா? ஆக்கிரமிப்புக்கு பி-மெமோ அபராதம் கட்டினதுக்கு ஏதாவது? வாயைத் தொறந்தா நெருப்புதான் வருது, ஒரு காகிதம் வரலையே."

நோட்டீஸ் செல்லுமா என்று மந்திரவாதி இருபது பக்கப் பகடையை உருட்டினான். இருபது விழுந்தது, அதற்கு மேல் எண்ணே கிடையாது. பூதம், பிசாசு, நாடு காக்கும் போர் எதற்கும் அந்தப் பகடையில் இருபது விழுந்து நான் பார்த்ததில்லை. ஹாலே எழுந்து நின்று கத்தியது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பாவம், அது எங்க போகும்?" என்றாள். அந்த ஒரு வாக்குதான் டிராகனுக்குக் கிடைத்த ஆதரவு.

செதில் செதிலாக நான் பெயின்ட் அடித்து வைத்த டிராகன் பொம்மை பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. போகும்போது திருடன் அப்பாவிடம் தன் ஊர் நிலத்து உட்பிரிவுச் சந்தேகம் ஒன்றைக் கேட்டுவிட்டுப் போனான். வாட்ஸாப்பில் இன்று காலையிலிருந்து யாரும் "அடுத்த வாரம் ஆட்டம் உண்டா" என்று கேட்கவில்லை, "அப்பா இருப்பாரா" என்றுதான் கேட்கிறார்கள்.

இருப்பார். கேட்டுவிட்டேன். டிராகன் அப்பீலுக்குப் போக வேண்டுமாம், என்னை மனு எழுதச் சொல்லியிருக்கிறார். அது முடிகிற வரைக்கும் அந்த மலைப்பக்கம் யாரும் வாளைத் தூக்கிக்கொண்டு போகக்கூடாதாம், ஸ்டே இருக்கிறதாம். ஸ்டே கொடுத்தது யார் என்று கேட்டால், "நீ முதல்ல மனுவை எழுது" என்கிறார்.