ஸ்விஃப்டைக் கொடுத்து ஜிப்சி எடுத்தேன்: ஏற்காட்டில் ஒரு வண்டி மாற்று

சேலத்தில் பழைய வண்டி தேடுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எக்ஸ்சேஞ்ச் உண்டுங்களா?" என்றுதான். கையிலிருக்கும் வண்டியைக் கொடுத்து, மேலே கொஞ்சம் பணம் போட்டு, ஆசைப்பட்ட வண்டியை ஓட்டிவந்துவிடலாம் என்ற கணக்கு. என்னிடம் இருந்தது 2014 ஸ்விஃப்ட் விடிஐ, டீசல் கார். ஆசைப்பட்டது மாருதி ஜிப்சி. 1985-ல் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிய மாடல் அது. 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், லீஃப் ஸ்பிரிங், லோ ரேஞ்சோடு (மெதுவாக, அதிக இழுவையோடு ஏற உதவும் கியர்) ஃபோர் வீல் டிரைவ். சொகுசு கிடையாது, ஆனால் மலைப்பாதைக்கென்றே பிறந்த வண்டி. புதுசு இனி கிடைக்காது என்பதால் நல்ல ஜிப்சிக்கு விலை இறங்குவதே இல்லை.

முதலில் சிக்கியது ஒரு புரோக்கர். ஸ்விஃப்டைச் சுற்றிக்கூடப் பார்க்காமல், "நாலே காலுக்கு எடுத்துக்கிறேண்ணா" என்றார். மற்ற இடங்களில் அதே வண்டிக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல் யாரும் பேசவில்லை. மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்தியதிலிருந்து, டீசல் ஸ்விஃப்ட் என்றால் எல்லோரும் யோசிக்கிறார்கள். அவருடைய ஜிப்சிக்கு ஆறரை சொன்னார். நான், "ஸ்விஃப்டை விடுங்க, முழுப் பணமும் கையில தர்றேன், ஜிப்சி என்ன விலை?" என்று கேட்டேன். "அப்படின்னா அஞ்சே முக்கால்" என்று வந்தது பதில். என் வண்டிக்கு ஏற்றிச் சொன்ன முக்கால் லட்சம் அப்படியே அவர் வண்டி விலைக்குள் ஒளிந்திருந்தது. மாற்று பேசும்போது "மேலே எவ்வளவு போடணும்?" என்ற கேள்வியோடு பேச்சைத் தொடங்கவே கூடாது. இரண்டு வண்டிக்கும் தனித்தனியாக ரொக்க விலை பேசி முடித்த பிறகுதான் கழித்துப் பார்க்க வேண்டும்.

வேறு சில ஜிப்சிகளையும் பார்த்தேன். ஒன்றில் பெட்ரோல் இன்ஜினைத் தூக்கிவிட்டு டீசல் இன்ஜின் போட்டிருந்தார்கள். ஆர்சியில் (பதிவுச் சான்றில்) இன்னும் பெட்ரோல். ஓட்ட அருமையாகத்தான் இருந்தது. ஆனால் எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) வண்டி போகும் அன்று நம் கையில்தான் வெடிக்கும். இன்ஜின் நம்பரும் ஆர்சியும் ஒத்துப்போகாத வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

என் மெக்கானிக் சொல்லித்தான் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரைத் தெரியவந்தது. 2013 ஹார்ட் டாப், முதல் ஓனர். விற்பதற்கு அவர் சொன்ன காரணமே எனக்கு நம்பிக்கை கொடுத்தது. "வீட்டம்மாவுக்கு முட்டி வலிங்க தம்பி. இதுல ஏறி இறங்க முடியல. சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக ஏசியோட ஒரு சின்ன கார் வேணும்." ஸ்விஃப்ட் அவருக்குத் தேவை, ஜிப்சி எனக்குத் தேவை. இடையில் புரோக்கர் கிடையாது.

நான் வருகிற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்னாலேயே கேட்டுக்கொண்டேன். காலையில் போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. சூடான இன்ஜின் பல வியாதிகளை மறைத்துவிடும். சாவி திருப்பியதும் பிடித்தது, புகை இல்லை. ஆயில் மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டேன். அடியிலிருந்து புகை குமுறி வரவில்லை. பிஸ்டன், ரிங் பற்றி அதுவே நல்ல சேதி.

மலை வண்டியில் இன்ஜினை விடத் துரு முக்கியம். வருஷம் முழுக்கப் பனி, மழை, ஈர மண். டார்ச்சும் ஸ்குரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு கீழே படுத்தேன். ஸ்குரூ டிரைவரின் பிடியால் சேசிஸை முன்னாலிருந்து தட்டிக்கொண்டே பின்னால் வந்தேன். நல்ல இரும்பு கணீரென்று சத்தம் கொடுக்கும். பின் ஸ்பிரிங்கை சேசிஸோடு இணைக்கும் சேக்கிள் மாட்டும் இடத்துக்கு வந்தபோது இடது பக்கம் மட்டும் சத்தம் மந்தமாக இருந்தது. மேலே கறுப்பு பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது. முனையால் அழுத்தினால் செதில் செதிலாக உதிர்ந்தது. ஓட்டை விழவில்லை, ஆனால் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடிக்க வேண்டிய கட்டம். பெரியவரையே குனிந்து பார்க்கச் சொன்னேன். அவரும் பார்த்துவிட்டு, "நெசந்தான் தம்பி" என்றார். பேரத்துக்கு வார்த்தையை விட இப்படி இருவரும் சேர்ந்து பார்த்த ஒரு குறை உதவுகிறது.

ஃபோர் வீலைத் தோட்டத்து மண் பாதையில் சோதித்தோம். முன் சக்கர ஹப்பைக் கையால் லாக் செய்து, லோ ரேஞ்ச் போட்டு ஏற்றினோம், சத்தமில்லாமல் ஏறியது. காய்ந்த தார் ரோட்டில் இதைச் செய்யக்கூடாது. ஜிப்சியில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் (இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பாகம்) இல்லை. திருப்பத்தில் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து, கியர் பெட்டியும் ஷாஃப்டும் சேதமாகும்.

அப்புறம் அடிவாரம் வரைக்கும் இறங்கி, திரும்ப ஏறினோம். இருபது கொண்டை ஊசி வளைவு. ஷோரூம் ஆட்கள் ரவுண்ட் அடித்துக் காட்டும் சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் எந்த வண்டியும் நல்ல வண்டிதான். இறங்கும்போது செகண்ட் கியரில் விட்டு, இடையிடையே பிரேக் அடித்துப் பார்த்தேன், எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. ஏறும்போது டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டவில்லை. வளைவுகளில் பாதிக் கிளட்சில் நிறுத்தி எடுத்தும் கருகிய வாடை வரவில்லை. இதே ரோட்டில் என் ஸ்விஃப்டைப் பெரியவரின் மகன் ஓட்டினார். சரியாக மேல் வளைவுகளில், ஆக்சிலேட்டர் அழுத்தினால் இன்ஜின் மட்டும் எகிறி வண்டி ஏறத் தயங்கியது. "கிளட்ச் பிளேட் போகப் போகுதுங்க" என்றார். சேலத்துக்குள் ஓட்டும்போது இது தெரியவே இல்லை. அவர் சொன்னது நியாயம், ஒத்துக்கொண்டேன்.

மலை காட்டாத ஒன்று உண்டு. ஜிப்சியின் முன் ஆக்ஸிலில், சக்கரம் திரும்பத் தாங்கும் கிங் பின் பேரிங் தேய்ந்திருந்தால், அறுபதை ஒட்டிய வேகத்தில் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடும். கொண்டை ஊசியில் யாரும் அறுபதில் போவதில்லை. அதனால் இன்னொரு நாள் வண்டியைக் கீழே கொண்டுவரச் சொல்லி, கருப்பூர் தாண்டி ஓமலூர் வரைக்கும் ஹைவேயில் ஓட்டினேன். ஒரு குழியில் ஏறி இறங்கியதும் ஸ்டியரிங் லேசாக உதறி அடங்கியது. வண்டியை ஒதுக்கும் அளவு பெரிய கோளாறு இல்லை, செலவுக் கணக்கில் சேர வேண்டிய கோளாறு.

பேரம் அவர் வீட்டுத் திண்ணையில். ஒரு தாளை இரண்டாக மடித்து ஒரு பக்கம் ஜிப்சி, மறுபக்கம் ஸ்விஃப்ட். ஜிப்சிக்கு அவர் கேட்டது ஐந்தரை லட்சம், ஸ்விஃப்டுக்கு நான் கேட்டது மூன்று லட்சத்து அறுபதாயிரம். வெல்டிங், கிங் பின் வேலை, பழைய டயர் மூன்றையும் அவர் பக்கத்தில் எழுதினோம். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2017-ல் செய்த டயர், பட்டன் இருந்தாலும் ரப்பரில் வெடிப்பு விட்டிருந்தது. என் பக்கத்தில் கிளட்ச். கடைசியில் ஜிப்சி ஐந்து பத்து, ஸ்விஃப்ட் மூன்று நாற்பத்தைந்து. மேலே ஒன்று அறுபத்தைந்து. "ஒண்ணு அம்பது போட்டு முடிச்சுக்கலாங்களா ஐயா?" என்று கேட்டுப் பார்த்தேன். "எழுதுன கணக்கு எழுதுனதுதான் தம்பி" என்று சிரித்துவிட்டார். அவர் சொன்னதும் சரி. ஒரு மூட்டை மிளகு மட்டும் கொடுத்தனுப்பினார்!

பேப்பர் வேலையில் பலர் அசந்துவிடுகிறார்கள். மாற்று என்பது சட்டத்தின் கண்ணில் இரண்டு தனித்தனி விற்பனை. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டு வண்டிக்கும் வேண்டும். "வண்டி மாறிடுச்சு, பேர் மெதுவா மாத்திக்கலாம்" என்று விடுவது ஆபத்து. ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. டெலிவரி நோட்டில் தேதி, நேரம், கிலோமீட்டர் எழுதிக் கையெழுத்து வாங்கினோம், ஆனால் அது பெயர் மாற்றத்துக்கு ஈடாகாது. அதனால் இரண்டு விண்ணப்பத்தையும் ஒரே நாளில் போட்டோம். பெரியவரின் ஆர்சியோடு இணைந்திருந்த மொபைல் நம்பர் எப்போதோ விட்டுவிட்ட நம்பர். ஓடிபி அங்கே போய்க்கொண்டிருந்தது. அதை மாற்றி முடிக்கத்தான் அலைச்சல். விலை பேசுவதற்கு முன்பே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி லோனில் எடுத்ததென்றால் வங்கியின் என்ஓசியும் (ஆட்சேபனை இல்லாச் சான்று) படிவம் 35-ம் கொடுத்து ஆர்சியிலிருந்து அடமானக் குறிப்பை நீக்கியிருக்க வேண்டும். என் ஸ்விஃப்டுக்கு லோன் முடிந்ததுமே செய்து வைத்திருந்தேன்.

ஜிப்சியின் முன்னால் இருந்த இரும்புக் கிராஷ் கார்டைக் கழற்றித் தோட்டத்திலேயே வைத்துவிட்டேன். 2017 டிசம்பரிலேயே அதற்குத் தடை வந்துவிட்டது.

இன்சூரன்ஸில் ஒரு நல்ல காசு இருக்கிறது. க்ளெய்ம் செய்யாததற்கான நோ க்ளெய்ம் போனஸ் பாலிசி எடுத்தவருக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. ஐந்து வருஷம் க்ளெய்ம் இல்லையென்றால் ஓன் டேமேஜ் (நம் வண்டிச் சேதத்துக்கான) பிரீமியத்தில் 50 சதவீதம் வரை குறையும். ஸ்விஃப்ட் கைமாறிய ஆதாரத்தைக் கொடுத்து என் கம்பெனியில் அதற்குச் சான்றிதழ் வாங்கி, ஜிப்சியின் புதுப் பாலிசியில் சேர்த்தேன். அந்தச் சான்றிதழ் மூன்று வருஷம் செல்லும். பழைய பாலிசியைத் தொடர நினைத்தால் வண்டி கைமாறிய 14 நாளுக்குள் பெயர் மாற்றச் சொல்ல வேண்டும். ஃபாஸ்டேக்கையும் அன்றே மூடிவிட்டேன். இல்லாவிட்டால் பெரியவர் ஓமலூர் டோலைத் தாண்டும்போதெல்லாம் என் கணக்கில் பணம் போயிருக்கும்.

இரண்டு ஆர்சியும் தபாலில் வந்துவிட்டன. கிங் பின் செட் மாற்றியாகிவிட்டது, ஹைவேயில் ஸ்டியரிங் இப்போது அசைவதில்லை. சேக்கிள் வெல்டிங்கை மழைக்கு முன் முடித்து, அடியில் முழுக்கத் துரு தடுக்கும் கோட்டிங் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். 2028-ல் பதினைந்து வருஷம் முடிந்து ரீ-ரெஜிஸ்ட்ரேஷனுக்குப் போகும்போது அந்த இடத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள்.