லினக்ஸில் கோவில் நோட்டீஸும் பழைய போட்டோவும்: எதற்கு எந்த மென்பொருள்?

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலோ லெனேசியாவிலோ கோவில் கமிட்டிக்கு நோட்டீஸ் போட்டுக் கொடுக்கிற ஒருவர் லினக்ஸுக்கு மாறினால், முதல் வேலையாகப் போட்டோஷாப்புக்கு மாற்று எது என்று தேடுவார். அப்படி ஒற்றை மாற்றைத் தேடினால் கடைசிவரை குறைதான் தென்படும். செய்கிற வேலை கடைசியில் எங்கே போகிறது என்று பாருங்கள்: வாட்ஸ்அப் குழுவுக்கா, அச்சகத்துக்கா, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டவா? அதைப் பொறுத்துத்தான் மென்பொருள்.

போட்டோஷாப்பை அடோபி லினக்ஸுக்கு வெளியிடுவதில்லை. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டவைக்கும் வைன் வழியாகப் பழைய பதிப்புகளை ஓட்டலாம், ஆனால் திருவிழாவுக்கு முந்தின ராத்திரி அதை நம்பி உட்காராதீர்கள். யாராவது போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பு அனுப்பினால் பிரவுசரில் போட்டோபீ என்ற தளத்தைத் திறந்து வேலையை முடித்துக்கொள்ளலாம். விளம்பரம் வரும், கோப்பு உங்கள் கணினியிலேயே திறக்கும், வேறெங்கும் ஏறாது. லினக்ஸில் ஓடும் படத் திருத்தியான கிம்பும் பிஎஸ்டி திறக்கும். எழுத்து அடுக்குகள் (லேயர்கள்) மட்டும் திருத்த முடியாத வெறும் படமாக வந்து நிற்கும்.

கிம்பைப் பொறுத்தவரை முதலில் பதிப்பைப் பாருங்கள். 2025 மார்ச்சில் வந்த 3.0இல்தான் ஃபில்டர்களைப் பிறகு திருத்தும் வசதி வந்தது. மங்கலாக்கலையோ கர்வ்ஸையோ போட்டுவிட்டு, மறுநாள் திறந்து அளவை மாற்றலாம், எடுத்தும் விடலாம். உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 24.04 பதிப்புக் களஞ்சியத்தில் இருப்பது பழைய 2.10. (உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் நம் நாட்டு வெல்கமில் பிறந்தவர். அதனால் நமக்குப் புதுப் பதிப்பு முன்னாடியே கிடைத்துவிடுவதில்லை.) ஃபிளாட்ஹப் என்ற செயலித் தளத்திலிருந்து ஃபிளாட்பேக் தொகுப்பாக நிறுவினால் 3 வரிசை வரும். முதல் தடவை கிம்போடு சேர்த்து அடித்தளத் தொகுப்புகளையும் இறக்கும் என்பதால் மொபைல் டேட்டாவில் செய்யாதீர்கள், ஃபைபர் இருக்கிற இடத்தில் செய்யுங்கள். உபுண்டுவின் சொந்தத் தொகுப்பு முறையான ஸ்னாப் வடிவில் நிறுவியவர்களுக்கு யுஎஸ்பி டிரைவில் உள்ள படம் திறக்காது. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கு வெளி டிரைவைப் படிக்கும் அனுமதி கொடுத்தால் சரியாகிவிடும்.

கிம்பில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இன்னொன்று உண்டு. சேவ் கொடுத்தால் கிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் மட்டுமே. ஜேபெக், பிஎன்ஜி வேண்டுமானால் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஈ சேர்த்து அழுத்தி எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். எக்ஸ்சிஎஃப்பை அழித்துவிடாதீர்கள், அடுத்த வருஷக் காவடி நோட்டீஸுக்குத் தேதியை மாற்றினால் போதும்.

நம் ஊர் நோட்டீஸில் விவரமெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். தலைப்பும் மந்திர வரியும் சாமி பேரும் தமிழில். அந்த நாலு வரித் தமிழ்தான் பெரும்பாலும் கெட்டுப்போகிறது. "கொ"வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்பது, புள்ளி வட்டம் முளைப்பது எல்லாம் அச்சேறிய பிறகுதான் கண்ணில் படும். காரணம் இரண்டு. மென்பொருளுக்கு எழுத்துகளை முறையாகக் கோக்கத் தெரியாதது ஒன்று. யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த வரியை அப்படியே ஒட்டுவது மற்றொன்று. பாமினி வரி உண்மையில் ஆங்கில எழுத்துகளின் கோவை. எழுத்துரு மாறினால் குப்பையாகத் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். புதிதாக அடிக்க ஐபஸ் எம்17என் தொகுப்பை நிறுவிவிட்டு, விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 அல்லது ஒலியியல் முறையைச் சேருங்கள். நோட்டோ தமிழ் எழுத்துருக்கள் அனேகமாக எல்லா லினக்ஸிலும் கிடைக்கும்.

கிம்பும், கோட்டு வடிவங்கள் வரையும் இங்க்ஸ்கேப்பும் தமிழை ஒழுங்காகக் கோக்கும். பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்க்ரைபஸின் பழைய 1.4 வரிசை கோக்காது. 2024 தொடக்கத்தில் வந்த 1.6 கோக்கும். இணையத்தில் இன்னும் "ஸ்க்ரைபஸில் தமிழ் வராது" என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அது பழைய கதை. எழுத்துரு தமிழுக்கானதா என்பதையும் பாருங்கள். ஆங்கில அலங்கார எழுத்துருவைத் தேர்ந்தால், தமிழுக்கு மட்டும் வேறொன்றை மென்பொருளே பிடித்துப் போட்டுவிடும். இன்னொரு கணினியில் அது மாறிவிடும்.

தலைப்பு எழுத்துக்குத் தடித்த கரை கொடுப்பது நம்மவர்களுக்குப் பிடித்த விஷயம். சில எழுத்துருக்களில் ஓர் எழுத்தின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதால், கரை போட்டதும் எழுத்தின் வயிற்றுக்குள்ளும் கோடு தெரியும். இங்க்ஸ்கேப்பில் ஸ்ட்ரோக் ஸ்டைல் தாவலின் கீழே உள்ள ஆர்டரில், கரை அடியிலும் நிறம் மேலேயும் இருக்கும்படி வைத்தால் அது மறையும். கரையின் பாதி நிறத்துக்கு அடியில் ஒளிந்துகொள்வதால் அகலத்தை இரட்டிப்பாக்குங்கள். அனுப்பும் முன்பு எழுத்தைப் பாத் ஆக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிய பிரதி ஒன்று எடுங்கள். அச்சகத்துக் கணினியில் தமிழ் எழுத்துரு இருக்கும் என்று எண்ணவே வேண்டாம். மூலக் கோப்பில் எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும், பிழை திருத்த வேண்டிவரும்.

இனி அச்சு. ஏ5 நோட்டீஸ் 148க்கு 210 மிமீ. வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக்கோடு வராமலிருக்க நாலு பக்கமும் 3 மிமீ (ப்ளீட்) கூட்டினால் 154க்கு 216. இது 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) 1819க்கு 2551 பிக்சல். சாமி படம் இந்த அளவை எட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம் அநேகமாக எட்டாது. பெரிதாக்கினால் பிக்சல் எண்ணிக்கைதான் கூடும், விவரம் கூடாது. அனுப்பியவரிடம் அதையே டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

நிறம் அடுத்த தலைவலி. திரையில் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளி), அச்சில் சிஎம்ஒய்கே (சியான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு மை). மஞ்சள் ஓரளவு தப்பிக்கும். பளீர் ஆரஞ்சும் வாழையிலைப் பச்சையும் ஊதாவும் மங்கும். மென்பொருளில் கோளாறு இல்லை, அந்த மைகளால் அவ்வளவுதான் முடியும். அச்சகத்திடம், அவர்கள் அச்சில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் ஐசிசி ப்ரொஃபைல் எது என்று கேட்டு வாங்கி, கிம்பின் கலர் மேனேஜ்மென்ட்டில் சாஃப்ட் ப்ரூஃபாக (அச்சு நிறத்தின் திரை முன்னோட்டமாக) ஏற்றிப் பாருங்கள். எது மங்கும் என்று முன்கூட்டியே தெரியும். கிம்ப் 3இல் டிஃப், ஜேபெக் எக்ஸ்போர்ட்டில் சிஎம்ஒய்கே தேர்வு உண்டு. கோப்பையே சிஎம்ஒய்கேயாக வைத்து வேலை செய்ய வேண்டுமானால் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள். பிஎன்ஜிக்கு சிஎம்ஒய்கே என்ற பேச்சே இல்லை. சிஎம்ஒய்கே ஜேபெக்கை வாட்ஸ்அப்புக்கு அனுப்பாதீர்கள், போனில் நிறம் கோணலாகத் தெரியலாம்.

இங்க்ஸ்கேப்பை மட்டும் நம்பி அச்சுக்குப் போனால் வருகிற பெரிய சிக்கல் கறுப்பு எழுத்து. அதன் பிடிஎஃப் ஆர்ஜிபியில்தான் வெளிவரும். அதை மாற்றும்போது கறுப்பு நாலு மையாகப் பிரிந்துவிடும். நாலு தட்டும் ஒரு மயிரிழை விலகினால் ஆறு பாயின்ட் எழுத்தில் "ண"வின் சுழிகள் அடைபட்டுப்போகும். அதனால் படத்தைக் கிம்பிலும் தலைப்பு அலங்காரத்தை இங்க்ஸ்கேப்பிலும் செய்துகொண்டு, நிகழ்ச்சி நிரலையும் உபயதாரர் பட்டியலையும் ஸ்க்ரைபஸிலேயே அடித்து, கறுப்பு மை மட்டும் 100 சதவீதம் கொடுங்கள். இங்க்ஸ்கேப்பில் போட்ட நிழலும் மங்கலும் அதன் எஸ்விஜி கோப்பு வழியாக ஸ்க்ரைபஸுக்குள் வராது. அந்த மாதிரி அலங்காரத்தை 300 டிபிஐ படமாக எடுத்து வைத்துவிடுங்கள். கடைசியில் ஸ்க்ரைபஸின் பிடிஎஃப் எக்ஸ்போர்ட்டில் பிரிண்டர் என்ற வெளியீட்டையும், 3 மிமீ ப்ளீடையும் தேர்ந்தெடுக்க மறக்கக் கூடாது. ப்ளீடை ஆவணத்தில் கொடுத்துவிட்டு எக்ஸ்போர்ட்டில் விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

குடும்பத்துப் பழைய போட்டோக்கள் வேறு வகை. 1860இல் இந்தியக் கூலித் தொழிலாளர்களை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் கரை சேர்ந்த பிறகு வந்த தலைமுறைகளின் படங்கள் பல வீடுகளில் தகரப்பெட்டியில் கிடக்கின்றன. கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரில் ஸ்கேன் செய்யுங்கள். உள்ளங்கை அளவுப் படத்தை ஏ4 ஆக்க நினைத்தால் 1200 டிபிஐ, இல்லாவிட்டால் 600 போதும். சிம்பிள் ஸ்கேன் செயலியில் பிஎன்ஜியாகச் சேமியுங்கள். டிஃப் வேண்டுமானால் எக்ஸ்சேன் செயலி. கலரில் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மஞ்சளும் பழுப்புமான கறை நீல சேனலில்தான் கறுத்துத் தெரியும், சிவப்பு சேனலில் அநேகமாக மறைந்துபோகும். கிம்பில் கலர்ஸ், காம்பொனென்ட்ஸ், டீகம்போஸ் என்று போய் ஆர்ஜிபியாகப் பிரித்து சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டால் கறை துடைக்கும் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும். மிச்சக் கீறலுக்கு ஹீல் கருவி. சாம்பிள் மெர்ஜ்டைத் தட்டிவிட்டு, மேலே ஒரு காலி அடுக்கில் வேலை செய்யுங்கள், மூலம் கெடாது. அகலமான கிழிசலுக்கு கிம்புக்கான ஜிமிக் செருகியின் இன்பெயின்ட் உதவும். செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கும் கருவிகள் லினக்ஸிலும் இருக்கின்றன. முகத்தில் மட்டும் அவற்றைத் தொடவிடாதீர்கள்: இல்லாத கண்ணையும் பல்லையும் தாமாகவே வரைந்துவிடும், பாட்டி வேறு யாரோ ஆகிவிடுவார்.

கேமராவில் ரா வடிவில் (பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுப்பவர்களுக்கு டார்க்டேபிள் அல்லது ராதெரப்பி. இரண்டும் மூலக் கோப்பைத் தொடாமல் திருத்தங்களைப் பக்கத்தில் தனிச் சிறு கோப்பாக எழுதும். படங்களை வேறு டிரைவுக்கு மாற்றும்போது அந்தச் சிறு கோப்புகளையும் சேர்த்தே நகர்த்துங்கள். தீமிதியில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களைச் சட்டென்று சிறிதாக்க, கட்டளை வரியில் ஓடும் இமேஜ்மேஜிக் போதும். அதன் மோக்ரிஃபை கட்டளை மூலப் படத்தின் மேலேயே எழுதிவிடும் என்பதால், பாத் என்ற தேர்வில் வேறு கோப்புறையைக் கட்டாயம் கொடுக்க வேண்டும்.

கரண்ட் விஷயம் கடைசியாக. கிரிட்டா, இங்க்ஸ்கேப், ஸ்க்ரைபஸ் மூன்றிலும் தானாகச் சேமிக்கும் வசதி உண்டு. கிம்பில் கிடையாது. கிம்ப் தானாக நொறுங்கினால் மீட்கப் பார்க்கும். லோட் ஷெடிங் மின்வெட்டில் டெஸ்க்டாப் அணைந்தால் மீட்க ஒன்றும் இருக்காது. கன்ட்ரோல் எஸ் பழக்கமாகட்டும், அல்லது மடிக்கணினியில் செய்யுங்கள். நினைவகமும் அப்படித்தான்: 300 டிபிஐ ஏ4 படத்தின் ஓர் அடுக்கு 8 பிட்டில் சுமார் 35 எம்பி, 32 பிட்டில் 140 எம்பி. 4 ஜிபி ராம் உள்ள கணினியில் பத்துப் பதினைந்து அடுக்கை 32 பிட்டில் வைத்தால் கிம்ப் வட்டுக்கு எழுத ஆரம்பித்து ஊர்ந்துபோகும். இமேஜ் மெனுவில் ப்ரிசிஷனை 8 பிட்டுக்கு இறக்கினால் நோட்டீஸ் வேலைக்குத் தாராளம்.