34 மில்லிமீட்டர்

மார்ச் 3
விபத்தில் மோதிய அக்காவின் காரில், டார்ச்சோடு டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. ஸ்டியரிங் காலத்தின் (column, ஸ்டியரிங் சக்கரத்தைத் தாங்கும் தண்டும் குழாயும்) மேல் பிராக்கெட், மோதினால் விடுபடும்படி அதைப் பிடித்திருக்கும் கேப்சூல்களை விட்டு முன்பக்கமாக நழுவியிருக்கிறது. கேப்சூல்கள் மட்டும் போல்ட்டோடு பழைய இடத்திலேயே நிற்கின்றன. மேல்தண்டு கீழ்த்தண்டுக்குள் இறங்கிவிட்டது. மேனுவலில் உள்ள நீளத்தைவிட 34 மில்லிமீட்டர் குறைவு.

மார்ச் 4
34. தூங்கவில்லை.

மார்ச் 6
இன்றைக்கு வந்து பார்த்த மெக்கானிக் சொல்கிறார்: “இழுத்து நீட்டி நாலு இடத்துல வெல்டு வெச்சா போதும், புதுசே வேண்டாம்.” கோபத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. பற்ற வைத்தால் வண்டி திரும்பும், ஓடும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அடுத்த முறை யாராவது அந்த ஸ்டியரிங் சக்கரத்தில் மோதினால் அது ஒரு மில்லிமீட்டர்கூட உள்ளே போகாது. நெஞ்சுதான் உள்ளே போகும். அக்காவுக்கு விலா எலும்பில் விரிசலோடு நின்றதே, அது எதனால் என்று நினைக்கிறார்?

ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 7
இரவு முழுக்க இதையே படித்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங் காலம் என்பது முன்னால் இருக்கும் ஸ்டியரிங் பெட்டி வரை போகும் ஒரே இரும்புத் தண்டு. முன்பக்கம் மோதினால் பெட்டி பின்னால் தள்ளப்படும், தண்டு ஓட்டுபவரை நோக்கி ஈட்டியாக வரும். மெர்சிடிஸ் பென்ஸில் இருந்த பேலா பாரெனி என்ற பொறியாளர் பாதுகாப்பான ஸ்டியரிங் அமைப்புக்காகப் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார். ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடல் கார்களில் மோதினால் சுருங்கும் ஸ்டியரிங் காலத்தைக் கொண்டுவந்தது. 1968 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் அது சட்டமே ஆனது.

நம் வண்டியில் இருப்பது எளிமையான வகை. தண்டு இரண்டு துண்டு, ஒன்றுக்குள் ஒன்று நுழையும். இரண்டையும் பிடித்திருப்பவை சின்னச் சின்ன பிளாஸ்டிக் ஊசிகள். தினசரி ஓட்டத்தைத் தாங்கும், மோதினால் அறுந்துவிடும். அந்த ஊசிகள்தான் அக்காவைக் காப்பாற்றின.

மார்ச் 9
பழைய ஸ்டியரிங் காலம் ஒன்று கிடைக்கும் போலிருக்கிறது. அதே மாடல், பின்னால் இடி வாங்கிய வண்டியிலிருந்து கழற்றியது. நீளத்தை அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கீழே போட்டார்களா, சுத்தியலால் தட்டினார்களா என்று மூன்று விதமாகக் கேட்டேன். விற்பவர் எரிச்சலாகிவிட்டார். ஆகட்டும்.

மார்ச் 10
அளவு வரவில்லை.

மார்ச் 11
வரவில்லை. அக்கா போன் செய்தாள். “எப்படா வண்டி ரெடியாகும்?” இருமும்போது மட்டும் வலிக்கிறதாம். அதைச் சொன்ன பிறகு அவள் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை.

மார்ச் 14
வந்துவிட்டது! ஜன்னல் ஓரம் துணி விரித்து வைத்து, விடியற்காலையிலிருந்து அதோடுதான் இருக்கிறேன். நீளம் மேனுவலோடு ஒத்துப்போகிறது. கேப்சூலுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் இடைவெளி இல்லை. தண்டில் உள்ள சின்னத் துளைகளில் வெள்ளை பிளாஸ்டிக் விளிம்பு வரை நிரம்பியிருக்கிறது, விரிசல் கிடையாது. இரு முனையையும் பிடித்து மெதுவாக இழுத்துத் தள்ளினால் ஆட்டம் இல்லை. பேரிங் சத்தமில்லாமல் சுழல்கிறது.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. பிரேக்கை மிதித்துப் பார்க்கலாம், விளக்கைப் போட்டுப் பார்க்கலாம். இதை மட்டும் சோதித்துப் பார்க்கவே முடியாது. சோதித்தால் அதோடு முடிந்தது. நம்பித்தான் மாட்ட வேண்டும்.

மார்ச் 15
பழையதைக் கழற்றியாயிற்று. பேட்டரி நெகட்டிவை எடுத்து, முன்சக்கரங்களை நேராக வைத்து, தண்டிலும் ஸ்டியரிங் சக்கரத்திலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு. நட்டை முழுதாகக் கழற்றாமல் சில மரையில் விட்டுவிட்டு, சக்கரத்தை இழுத்தெடுக்கும் புல்லரை வைத்தேன். இல்லையென்றால் சக்கரம் விடுபட்டு நேராக முகத்துக்கு வரும்.

கீழ் ஜாயின்டில், அதைத் தண்டோடு இறுக்கிப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட் துருப்பிடித்து அசையவே இல்லை. அதைத் தளர்த்தினால் மட்டும் போதாது, தண்டில் இருக்கும் பள்ளத்தில் அது உட்கார்ந்திருப்பதால் முழுதாக உருவ வேண்டும். துரு எண்ணெய் விட்டு, காத்திருந்து, மறுபடி விட்டு, மாலையில்தான் வந்தது. கை முழுக்கச் சிராய்ப்பு. சுத்தியலை வேறு அறையில் வைத்துவிட்டேன். இதற்குக் கழற்றும்போதும் வேண்டாம், மாட்டும்போதும் வேண்டாம்.

மார்ச் 16
சாவி பேரலை (சாவி நுழையும் உருளை) மாற்றினேன். சாவியை ஏசிசி நிலையில் வைத்து, பேரலைப் பிடித்திருக்கும் ஊசியை அழுத்தினால் தானாக வெளியே வருகிறது. ஸ்டியரிங் பூட்டில் உள்ள, இறுக்கியதும் தலை உடைந்துபோகும் போல்ட்டுகளைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. அக்காவின் பழைய சாவியே போதும்.

மார்ச் 18
கூடவே வந்த இடைத்தண்டை (ஸ்டியரிங் காலத்துக்குக் கீழே இணையும் தண்டு) யாரோ பிரித்து ஒரு பல் தள்ளிச் சேர்த்திருக்கிறார்கள். அதன் இரண்டு முனையிலும் உள்ள ஜாயின்ட் கவைகள் (இரட்டை விரல் போன்ற முனைகள்) ஒரே தளத்தில் இல்லை. இப்படியே மாட்டியிருந்தால் ஸ்டியரிங் சக்கரம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை இறுகி, இரண்டு முறை இளகும். உருவி, நேராக்கி, திரும்பச் சேர்த்தேன். இதைக் கவனித்தது பெரிய நிம்மதி.

மார்ச் 19
மாட்டியாயிற்று. முதலில் எல்லா போல்ட்டும் கையால், அப்புறம் மேனுவல் சொல்லும் அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால். பிஞ்ச் போல்ட் புதிது. ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவில் உள்ள தடுப்பு) ரப்பர் உறை சரியாக உட்கார்ந்தது.

அளந்தேன். மறுபடி அளந்தேன். நீளம் குறையவில்லை.

மார்ச் 21
முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி இரு பக்கமும் கடைசி வரை திருப்பினேன். எங்கும் இறுக்கம் இல்லை. வயர் எதுவும் இழுபடவில்லை. சாவி ஆன் நிலையில் இருக்கும்போது பூட்டு விழவில்லை, எடுத்தால் விழுகிறது. அப்புறம் ஆள் இல்லாத இடத்தில் நடை வேகத்தில் ஓட்டினேன். திருப்பிய பின் விட்டால் சக்கரம் தானாக நடுவுக்கு வருகிறது. இண்டிகேட்டர் இரு பக்கமும் ஒரே மாதிரி அணைகிறது.

அக்காவிடம் சொன்னேன், பெல்ட் போடாமல் சாவியைத் தொடக்கூடாது என்று. “சரிடா”, என்றாள். இது போதாது. நேரில் சொல்ல வேண்டும்.

மார்ச் 22
பிஞ்ச் போல்ட்டைத் திரும்ப ஒருமுறை சோதித்தேன். அசையவில்லை. அக்கா நாலு மணிக்கு வருகிறாள்.